நாவலர் பெருமானும் துண்டுப் பத்திரமும்

சமயப் பொருள்பற்றி அச்சிட்ட துண்டுப் பத்திரங்களைச் சந்தையிலும் தெருவிலும் தேரடியிலும் நின்று வருவார் போவார்க்கு வழங்குதல் தக்கதோ, அன்றி அதனை அரசினர் தடுத்தல் வேண்டுமோ என்னும் வினா நம் மரபினர் பலருள்ளத்தை இந்நாளில் வருத்துகின்றது. நாம் வாழும் அருப்புக்கோட்டை, திருச்சுழி ஆகிய இவ்வானம் பார்த்த நாட்டிலும் அவ்வருத்தம் உண்டு. பருத்தியும் மிளகாயும் விளையும் கரிசற் காட்டூர்களிலிருந்து சந்தைக்கு வரும் எளிய மக்கள் கையிற் பிற சமயத்தார் தரும் தாள்கள் சேர்கின்றன. அவற்றுட் சில நம் திருவுருவ வழிபாட்டை இகழ்கின்றன. அதுகண்டு மனம் பொறாத அன்பர் சிலர், பொதுவிடத்திற் சமயத்தாள் எதுவும் வழங்கலாகாதென ஆணை பிறப்பிக்குமாறு அரசினரை வேண்டி விண்ணப்பமொன்று எழுதி, அதிற் கையெழுத்திடுமாறு நம்மையும் கேட்டனர். நாம் இட்டிலம். காரணம் வினவினார்க்கு யாழ்ப்பாணத்து நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் சரித்திரத்தையே விடையாகக் கூறினோம். கூறியதனை ஈண்டுச் சிறிது விரித்தெழுதுகின்றோம்.

நாவலர் 1822-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18-ஆம் நாள் நல்லூரிலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமியம்மையாருக்கும் புதல்வராய்த் தோன்றினர். அவர் தோன்றுதற்கு முன்னரே, 1816-இல், அமெரிக்க மிஷனார் யாழ்ப்பாணத்திற் காலூன்றிவிட்டனர். அவர்கள் வரலாற்றில் நம்மவர் பெரும்பாலார் அறியாத செய்தியொன்றுண்டு. 1820-இல் அச்சுத்தொழில் வல்ல காரெட் என்பவர் அம்மிஷனுக்கென அமெரிக்காவிலிருந்து இலங்கைக்கு வந்தனர். அந்நாள் இலங்கையை ஆண்ட ஆங்கிலேய அரசினர் அவரை அங்குத் தங்கவிடாது வெளியேற்றினர். அவர் பம்பாய்க்குச் சென்று ஆண்டு அச்சுவேலை பார்த்தனர். தடுத்தவரும் கிறிஸ்தவர், தடுக்கப்பட்டவரும் கிறிஸ்தவர் என்பது ஓர்க. அத்தடையாற் பயனென்னை? ஏறக்குறையப் பதினான்கு ஆண்டு கழிவதற்குள் மானிப்பாயில் அம்மிஷனாரது அச்சுக்கூடம் பெரிதாய் இயங்கத் தொடங்கிற்று. 1841-இல் உதயதாரகை என்னும் பத்திரிகையும் புறப்பட்டது. துண்டுப் பிரசுரங்கள் கோயிற் றிருவிழாக்களிலும் வீட்டுத் திண்ணைகளிலும் குவிந்தன. சைவரிடத்தோ அச்சுப்பொறி ஒன்றேனும் அன்று இல்லை. ஏடும் எழுத்தாணியுமே இருந்தன.

இது கடல் கடந்த நாட்டுச் செய்தியாயினும் நமக்கு அயலன்று. யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனாரே 1834-இல் மதுரைக்கு வந்து கிளையொன்று நிறுவினர். அக்கிளையின் நிலையங்களுள் ஒன்று திருச்சுழிக்கு அணித்தாகிய மண்டபசாலையில் அமைந்தது. ஆகவே, நாவலர் தம் ஊரில் எதிர்ப்பட்ட அதே கூட்டத்தார் அதே முறையில் நம் குண்டாற்றங்கரையூர்களுக்கும் வந்தாரென அறிக. வந்தவர் பள்ளியும் மருந்தும் கொண்டுவந்ததனை மறைத்துரைத்தல் நேர்மையன்று. நம்மவர் எழுத்தறிவிக்க நினையாத பல வீட்டுப் பிள்ளைகட்கு அவரே எழுத்தறிவித்தனர்.

நாவலர் இளமையிற் சரவணமுத்துப் புலவரிடத்தும் இருபாலைச் சேனாதிராய முதலியாரிடத்தும் தமிழ் கற்றனர். ஆங்கிலம் கற்றது யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையில். அதன் தலைவர் பீற்றர் பேர்சிவல் பாதிரியார் இம்மாணவரது கூர்மையைக் கண்டு அங்கேயே ஆசிரியராக அமர்த்தி, விவிலிய நூலைத் தமிழில் மொழிபெயர்க்குந் தம் பணிக்கும் துணையாகக் கொண்டனர். சென்னைக்கும் உடனழைத்துச் சென்றனர். அம்மொழிபெயர்ப்பு 1850-இல் அச்சாகியது. இளஞ்சைவர் ஒருவர், நீறணிந்த நெற்றியோடு, பிற சமயத்தார் மறையை எழுத்தெழுத்தாக ஓதி அதற்கேற்ற தமிழ்ச்சொற் றேடிய காட்சி நினைக்குந்தோறும் நமக்கு வியப்பளிப்பது. அவ்வாண்டுகளிற் பெற்ற அறிவே பின்னர் அவர் கைப்படையாயிற்று. பிறர் நூலைத் தீண்டலாகாதென்று அவர் பெற்றோரோ ஆசிரியரோ விலக்கியிருப்பின், அப்படை சைவர்க்குக் கிடைத்திராது.

1847-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே அவரது பிரசங்கம் தொடங்கிற்று. வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் அது நடைபெற்றது. மிஷனார் முறையையே அவர் கைக்கொண்டனரென்று குறை கூறுவாரும் உளர். ஆம், கொண்டனர், பொருள் நம்முடையது, கருவி யாருடையதாயினென்? 1848-இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, அவ்வாண்டிலேயே பேர்சிவல் பாதிரியாரிடத்து ஊதியம் பெற்ற தொழிலையும் துறந்தனர். வித்தியாசாலைக்குப் பொருளீட்டப் பிடியரிசி திரட்டினர் என்பர். ஒவ்வொரு மனையாட்டியும் உலையிலிடுமுன் ஒருபிடி எடுத்துவைத்த அரிசியால் ஒரு பள்ளிக்கூடம் நடந்தது.

பிள்ளைகள் கற்க நூல் வேண்டும். நூலுக்கு அச்சுப்பொறி வேண்டும். அதனை வாங்கும்பொருட்டு 1849-இல் மாணவர் சதாசிவப்பிள்ளையோடு தமிழ்நாடு போந்தனர். வழியிற் றிருவாவடுதுறை ஆதீனத்தில் அவர் செய்த பிரசங்கத்தைக் கேட்டு மகிழ்ந்து ஆதீன கர்த்தரவர்கள் நாவலர் என்னும் பட்டத்தை அருளினர். அன்று அவருக்கு வயது 27 நிரம்பவில்லை. நம் மடத்தன்பர்கள் இப்பட்டத்தைப் பேசும்போது பெருமிதம் எய்துவர், எய்தத்தக்கதே. ஆனால் பட்டம் பெற்றவர் எதன்பொருட்டு அப்பயணம் மேற்கொண்டாரென்பதைச் சேர்த்து நினைப்பாரில்லை. அச்சுப்பொறி வாங்குதற்கே அவர் வந்தனர். வாங்கி, சென்னையிற் சூடாமணி நிகண்டினை உரையோடும் சௌந்தரியலகரியினையும் பதிப்பித்து மீண்டு, வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையைத் தாபித்தனர்.

இந்தியாவில் நம்மவர் அச்சுக்கூடம் நடத்துதற்கு வழி அகன்றது 1835-இல். மெட்காஃப் பிரபு இயற்றிய அவ்வாண்டின் 11-ஆம் சட்டம், அச்சிடுவோன் தன் பெயரையும் இடத்தையும் வெளிப்படக் கூறுதல் வேண்டும் என்னும் அளவில் நின்று, முன்னிருந்த அனுமதிக் கட்டுக்களை நீக்கிற்று. அச்சட்டம் மிஷனார்க்கு மட்டும் நன்மை செய்திலது. திருமுறைகளும் மெய்கண்ட சாத்திரங்களும் ஏட்டுச்சுவடியினின்று வெளிப்போந்து எளியோன் மனைக்கும் வந்தது அது திறந்த வாயில் வழியேயாம்.

பாலபாடமும் சைவ வினாவிடையும் 1852-இல் வெளிவந்த பெரியபுராண வசனமும் நம்மவர் அனைவரும் அறிந்தன. நமது வினாவிற்கு இன்றியமையாதது 1854-இல் வெளிவந்த சைவதூஷண பரிகாரம். திருநீறு, திருவுருவம், அபிடேகம், தீபம், தூபம், தலயாத்திரை, நோன்பு என்று சைவர் கொண்டவற்றைப் பாதிரிமார் தம் துண்டுப் பத்திரங்களிற் பழித்தனரன்றே. அப்பழிப்புக்களை நாவலர் மறைத்திலர். ஒவ்வொன்றாக எடுத்து முன்வைத்து, அவற்றையொப்பனவாய பலியும் தூபமும் தீபமும் ஆலயச் சடங்கும் பழிப்பார்தம் மறையிலேயே கூறப்பட்டிருத்தலைக் காட்டி விடையிறுத்தனர். மொழிபெயர்ப்புப் பணியிற் கண்ட ஒவ்வோரிடமும் இங்கே பயன்பட்டது.

இம்முறை புதிதன்று. சிவஞானசித்தியார் பரபக்கத்தில் அருணந்தி தேவநாயனார் உலகாயதன் முதலாகப் பதினால்வர் கொள்கைகளை வரிசைப்படுத்துகின்றனர். ஒவ்வொருவனுக்கும் அவன் மதத்தை அவனே கூறுமாறுபோலக் கூறற்கு இடந்தந்து, அதன்பின்னரே மறுக்கின்றனர். உலகாயதனை வாய்புதைக்கச் செய்து நூல் தொடங்கியிருப்பின் அது பரபக்கமாகாது. 1313-இல் உமாபதி சிவாசாரியர் இயற்றிய சங்கற்ப நிராகரணமும் அந்நெறியதே. பிறன் கோளைக் கேளாது மறுத்தல் சித்தாந்திக்கு வழக்கன்று. பத்திரம் வழங்குவோனைத் தடுக்குமாறு விண்ணப்பிக்கும் நம் அன்பர், அத்தாளில் உள்ளதற்கு விடை தம்மிடம் இல்லையென்று ஊரார் கருத இடந்தருகின்றனர் என்பதே நம் கவலை.

துண்டுப் பத்திரம் புறச்சமயத்தார்மேல் மட்டும் எய்யப்படும் அம்பன்று. நாவலர் அதனை நம்மவர் மேலும் எய்தனர். 1872-இல் யாழ்ப்பாணச் சமயநிலை என்பதனையும், 1875-இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில்பற்றிய பத்திரிகையையும் வெளியிட்டு, ஆகமத்துக்கு மாறாக நடந்தன என்று தாம் கருதியவற்றைக் கோயிலதிகாரிகள் முகம்நோக்கி உரைத்தனர். தாம் பிறந்த ஊர்க் கோயிலென்று கண்ணோடிற்றிலர். பொதுவிடத்துச் சமயத்தாள் விலக்கப்பட்ட காலமாயிருப்பின், கோயில் நடத்துவோரே முதலிற் சென்று முறையிட்டு அப்பத்திரிகையை நிறுத்தியிருப்பர். இன்று நம் திருக்கோயில்களில் விளக்கெரியாமையையும் குளம் தூர்ந்தமையையும் குறித்து ஒரு தாள் அச்சிட்டு வழங்குவோன் கைக்கும் அவ்விலங்கே பூட்டப்படும்.

இனி, சொல்லுதற்கு இனிதல்லாத பகுதியொன்று உண்டு. அதனை விடுத்தல் சரித்திரம் எழுதுவார்க்கு அழகன்று. 1867-இல் வடலூர் இராமலிங்க சுவாமிகள் பாடல்கள் திருவருட்பா என்னும் பெயரோடு அச்சாயின. அருட்பா என்னும் பெயர் திருமுறைக்கே உரியதென்று கொண்ட நாவலர் 1869-இற் போலியருட்பா மறுப்பு என்பதனை வெளியிட்டனர். கண்டனமும் மறுகண்டனமும் தெருவெங்கும் பரந்தன; சொற்கள் தடித்தன; வழக்கு மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. இருவரும் மறைந்த பின்னரும் அப்பூசல் ஓய்ந்திலது. நாவலர் பக்கத்தில் நா. கதிரைவேற்பிள்ளையும், அருட்பாப் பக்கத்தில் மறைமலையடிகளும் கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலரும் நின்று வாதிட்டனர். இசுலாமியராகிய பாவலர் சைவரிடை எழுந்த பூசலில் அருட்பாவின் பொருட்டு மேடையேறினாரென்பது இன்று படிப்பார்க்கு விந்தையாய்த் தோன்றும். அந்நாளைய கண்டனங்களிற் பயின்ற வசைமொழிகளை நாம் போற்றேம். நாவலர் பக்கத்து வசையும் அதனுள் அடங்கும். ஆயினும் அன்று ஓர் அதிகாரியின்பால் இருவருள் எவர் தாள் வெளிவரலாமென முடிவுசெய்யும் உரிமை இருந்திருப்பின், அவன் எதனைக் கிழித்தெறிந்திருப்பான்? சைவதூஷண பரிகாரம் செய்தவர் தாளையோ, இன்று ஓதுவார் பலரும் மனமுருகிப் பாடும் அருட்பாவையோ? இரண்டையும் இழவாது பெற்றது அவ்வுரிமை எவனிடத்தும் இல்லாமையாலன்றோ.

நாவலர் எழுதியவற்றுட் சாதியாசாரம்பற்றிய பகுதிகள் உள. அவை இக்காலத்துக்கு ஒவ்வா. மிஷன் பள்ளி வாயில் எல்லார்க்கும் திறந்திருக்க நம் பள்ளி வாயில் சிலர்க்கு அடைத்திருந்ததே அவர் தாளைக் காட்டிலும் நமக்குப் பெருங்கேடு விளைத்தது என்பதை இக்கரிசற் சீமையை அறிந்தார் மறுக்கமாட்டார்.

நம் நாட்டோடு நாவலர்க்கு நேர்ந்த தொடர்பையும் கூறுதும். திருச்சுழி அந்நாளில் இராமநாதபுரம் சமஸ்தானத்தைச் சார்ந்தது. சேதுபதியின் உடன்பிறந்தாரும், பின்னாளில் 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் நிறுவிய பாண்டித்துரைத் தேவரின் தந்தையாருமாகிய பொன்னுசாமித் தேவரவர்கள் நாவலரைப் பெரிதும் ஆதரித்தனர். 1861-இல் வெளிவந்த திருக்குறட் பரிமேலழகர் உரைப் பதிப்பு அவரது வேண்டுகோளின் வழியது. மழை பொய்க்கும் சீமையின் பொருள் தமிழ்நூற் பதிப்புக்குப் பயன்பட்டதென்பது நாம் மகிழ்தற்குரியது. 1864-இற் சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலை எழுந்தது. 1876-க்குப் பின் வந்த கொடிய பஞ்சத்தின்போது யாழ்ப்பாணத்திற் கஞ்சித்தொட்டி வைத்துப் பசித்தார்க்கு உணவளித்தனர். அப்பஞ்சம் நம் சீமையையும் விட்டிலது.

1879-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் நாவலர் சிவபதம் எய்தினர். 57 வயது நிரம்பப் பதின்மூன்று நாள் இருந்தன. அவர் மறைந்து இருபத்தைந்தாம் நாள், டிசம்பர் 30-இல், சுந்தரமூர்த்திகள் பதிகம் பெற்ற நம் திருச்சுழியில் வேங்கடராமன் என்னும் குழந்தை பிறந்தது. பின்னர் உலகம் ரமண மகரிஷி என்று வணங்கியது அக்குழந்தையையே. அவர் மதுரையில் அமெரிக்க மிஷன் உயர்நிலைப்பள்ளியிற் பயின்றவர். அப்பள்ளியை நடத்திய மிஷன், நாவலர் எதிர்நின்ற யாழ்ப்பாண மிஷனின் கிளை. அங்கே விவிலியப் பாடமும் கேட்டு, வீட்டிற் பெரியபுராணமும் படித்த அவ்விளைஞர், 1896-இல் எந்தத் திசை நோக்கிப் புறப்பட்டாரென்பது யாவரும் அறிந்தது. மிஷன் தாள் கையிற் பட்டமாத்திரத்தே சைவப்பிள்ளை கெட்டொழிவான் என்று அஞ்சுவார்க்கு நம் ஊர்ப்பிள்ளையையே காட்டுவோம்.

அங்ஙனமாயின் எல்லை யாதும் வேண்டாவோ எனின், வேண்டும். 1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு, சமயத்தைக் கைக்கொள்ளுதலோடு பரப்புதலையும் உரிமையென்று கூறி, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் என்பவற்றிற்கு அதனை உட்படுத்துகின்றது. 1977-இல் உச்சநீதிமன்றம், பரப்புதலாவது தன் சமயக் கொள்கையை விளக்கியுரைத்தலேயன்றிப் பிறனை மதம் மாற்றும் உரிமை அன்றென்று தெளிவுறுத்திற்று. இகழ்ந்தெழுதும் தாள்களைப்பற்றியும் சட்டம் உண்டு. லாகூரில் 1924-இல் வெளிவந்த ஒரு சிறுநூல் நபிகள் நாயகத்தை இழித்துரைத்தது. அதனை வெளியிட்டவர் 1927-இல் உயர்நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட, பெருங்கிளர்ச்சி எழுந்து, மனமறிந்து சமயவுணர்ச்சியைப் புண்படுத்துதலைக் குற்றமாக்கும் 295 ஏ பிரிவு அவ்வாண்டே சேர்க்கப்பட்டது. ஆயினும் வெளியிட்டவர் 1929-இற் கொலையுண்டனர். அப்பிரிவே 2024 ஜூலை முதல் புதிய சங்கிதையில் 299-ஆம் பிரிவாய் நிற்கின்றது. அமெரிக்காவில் ஜார்ஜியா நாட்டுக் கிரிபின் என்னும் சிற்றூரில், நகர அதிகாரியின் அனுமதியின்றித் தாள் வழங்கலாகாதென இருந்த விதியை அந்நாட்டு உச்சநீதிமன்றம் 1938-இற் செல்லாதாக்கியதும் ஈண்டு நினைக்கத்தக்கது. முன்னனுமதி வேண்டாமை வேறு. வசைக்குத் தண்டம் இன்மை வேறு.

ஆகலின் நாம் வேண்டும் எல்லைகள் சிலவே. திருக்கோயில் மதிலகத்துள் வழிபட வந்தாரிடம் பிற சமயத்தாள் நீட்டலாகாது. அவ்வாறே தேவாலயத்துள்ளும் பள்ளிவாசலுள்ளும் நம்மவர் நீட்டலாகாது. பள்ளிச் சிறார் கையிற் பெற்றோர் அறியாமற் கொடுத்தல் முறையன்று. வேண்டாவென்று கைமறித்தானைத் தொடர்தல் முரட்டுச்செயல். நோயாளிக்கு மருந்தோடும் பசித்தானுக்குச் சோற்றோடும் தாளைச் சேர்த்துக் கொடுத்தல் கொடுப்பவன் சமயத்துக்கே இழுக்கு. தாளில் அச்சிட்டோன் பெயரும் ஊரும் வேண்டும். பெயரில்லாத தாள் இருட்டிற் கல்லெறிதலோடொக்கும். இவ்வளவிற்கு உட்பட்டுச் சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் தேரோடும் வீதியிலும் எவரும் தம் கொள்கையைத் தாளில் வழங்குக. தேர்வீதி நம்முடையதன்றோ என்பர் சிலர். தேரோடும் நாளில் அது நம்முடையது. மற்றை நாளில் உப்பு விற்பானுக்கும் அதில் வழியுண்டு.

விண்ணப்பம் கொணர்ந்த அன்பர்க்கு நாம் வேறொரு வேலை கொடுத்துள்ளோம். திருச்சுழித் தலவரலாறு, திருநீறும் திருவுருவமும் வழிபடுதற்குக் காரணம், வழிபாட்டிற்குச் சாதி தடையன்மை ஆகிய மூன்றனையும் நான்கு பக்கத்துள் அடக்கி, உழவரும் நெசவாளரும் வாசிக்குமாறு பெரிய எழுத்தில் எழுதித் தந்துள்ளோம். பிறர் தாள் கூறும் குற்றங்களைப் பெயர்சுட்டி எடுத்து, வசையின்றி விடை கூறியுள்ளோம். இரண்டாயிரம் படி அச்சிடத் தாளும் கூலியும் வேண்டும். ஆதீனத்துப் பெரியோர்கள் அத்தொகையை உதவுவாராயின், வரும் மாதத்துச் சந்தைக்கே அது கொண்டுசெல்லப்படும். வழங்குதற்கு இளைஞர் அறுவர் இசைந்துள்ளனர். எழுத்துப்பிழை நோக்குதற்கு ஒருவரே வேண்டப்படுகின்றார்.